புழுவிலும் தண்ணீர் கழித்தார்கள்

மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

என்னைப் பேசக் கூப்பிட்டால் யாரையாவது ஏசிவிடுவேன் என்று பயந்துதான் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. எழுத்திலும் ஏச முடியும் என்பது உங்களுக்குத்தான் தெரியவில்லை.

உங்கள் தொட்டிகளின் படங்களைக் காட்டினீர்கள். நீலக் குழாய், வெள்ளைக் குழாய், தண்ணீரின் புளிப்பை அளக்க ஒரு கருவி. தொட்டியில் தண்ணீர் இறங்கினால் போன் சத்தம் போடுமாம். நல்லது. எங்கள் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் சத்தம் போட்டவள் நான்தான். மீனுக்கு எந்தப் புழு நல்லது, எத்தனை நாளில் பெருகும், எப்படி அறுவடை செய்வது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எழுதியவர் புழுவைக் கையால் தொட்டாரோ இல்லையோ, சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அதில் இல்லாத ஒன்றை நான் எழுதுகிறேன். நல்ல மீன்களை, கெட்டது என்று தெரிந்த தீனியைப் போட்டு, என் கையாலேயே நான் கொன்றது எப்படி என்பதுதான் அது.

எண்பதுகளில் இலங்கை மலைநாட்டில், றொசல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். முப்பது பிள்ளைகள், ஒரு பால் அண்டா, கூரையில் தொங்கும் சேலைத் தொட்டில்கள், நான். பால் மறந்த பிள்ளைகள் பெரியவர்களைப் போலவே ரொட்டியும் சம்பலும் தின்று வளர்ந்தார்கள். வளர்ந்தார்கள் என்று நான் எழுதுவது ஒரு மரியாதைக்கு. மாதம் ஒருமுறை தோட்டத்து மருந்தையா வந்து பார்ப்பார். பிள்ளைகளின் பங்கை நான்தான் தின்றுவிட்டேன் என்பது போல என்னை ஏசிவிட்டுப் போவார்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் பெரிய துரைக்கு, அதாவது தோட்ட மனேஜருக்கு, வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுப் பின்வாசலில் மீனையும் கீரையையும் சேர்த்து வளர்த்திருந்தார். மீன் அழுக்காக்கிய தண்ணீர் சரளைக்கல் வழியாகப் போகும், கீரை அந்த அழுக்கைத் தின்னும், சுத்தமான தண்ணீர் மீனிடமே திரும்பி வரும். துரைக்கு அது பிடித்துவிட்டது. பிள்ளைகளுக்கு மீனும் ஆச்சு, கீரையும் ஆச்சு என்றார். மனுசர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யார் செய்வது என்று கேட்டபோது தொழிற்சாலைக்காரர் ஆள் இல்லை என்றார். மாட்டுப்பட்டிக்காரர் தனக்கு மாடே போதும் என்றார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, நீதானே பிள்ளை வளர்க்கிறவள், இதையும் வளர் என்றார்கள். மீன் அழாது, இடுப்பில் ஏறாது, அதனால் சுலபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பிள்ளைக்காம்பராவின் பின்னால் பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதுதான் மீன் தொட்டி. அதற்கு மேலே மண்ணை வெட்டிப் படி கட்டி, தார் பீப்பாய்களை நெடுக்காகப் பிளந்து வைத்து, சரளைக்கல்லை நிரப்பினோம். அதில் கங்குன் கீரையும் பொன்னாங்காணியும் நட்டோம். தொட்டித் தண்ணீரை மேல் பீப்பாயில் ஊற்றினால் அது ஒவ்வொரு பீப்பாயாக இறங்கித் தொட்டிக்கே வந்து சேரும். பம்பு எங்கே என்று கேட்பீர்கள். பம்பின் பெயர் ரோசம்மா, நான்தான். காலையில் இருபது வாளி, பின்னேரம் இருபது வாளி. இடையில் ஒரு கோப்பை பிளேன்டீ ஊற்றினால் போதும், ஓடும்.

மீன், நீங்கள் இப்போது வாய்நிறையத் திலாப்பியா என்கிறீர்களே, அதைத்தான் நாங்கள் ஜப்பான் மீன் என்போம். ரயிலில் பிளாஸ்டிக் பையில் அறுபது குஞ்சு வந்தது. மீன்கொத்தி கொஞ்சம் தின்றது. என் அறியாமை கொஞ்சம் தின்றது. நாற்பது நிலைத்தது.

புழுவுக்குப் பழைய தேயிலைப் பெட்டி ஆறு கிடைத்தது. மாட்டுச் சாணம், மக்கிய இலை, காய்கறித் தோல். பெட்டியின் மேல் ஈரச் சாக்கை மடித்துப் போட்டு, அதனடியில் பூசணித் தோலை வைத்தால் காலையில் சாக்கின் அடிப்பக்கம் முழுக்கச் சிவப்புப் புழு அப்பிக்கிடக்கும். உதறி எடுத்தால் போதும், மண்ணைக் கிளற வேண்டியதில்லை. எவ்வளவு போடுவது என்பதற்கு என்னிடம் அளவு எதுவும் கிடையாது. ஒரு பிடி போடுவேன். உள்ளே போய் முப்பது பிள்ளைகளையும் ஒருமுறை எண்ணிவிட்டு வருவேன். புழு மிச்சம் கிடந்தால் மறுநாள் அரைப் பிடி. மிச்சம் இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம். மழைக் குளிரில் மீன் தின்னாது, அன்றைக்குப் போடவும் மாட்டேன். இப்படியே எட்டு மாதம் போனது. மீன் உள்ளங்கை அளவுக்கு வந்தது. கீரையைப் பிள்ளைகள் தின்னத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் மூன்று நான்கு மாதம் பொறுத்திருந்தால் மீனையும் தின்றிருப்பார்கள்.

பொறுக்க ஒருவர் விடவில்லை. புதிதாக ஒரு சின்னத் துரை, அதாவது உதவி மனேஜர், வந்தார். கொழும்புப் பிள்ளை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, கையில் குறிப்புப் புத்தகம். ஆள் மோசம் என்று சொல்ல மாட்டேன், அவசரக்காரர். வந்த மாதமே அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு பெரிய மனுசர் ஆறு கிழமையில், அதாவது ஆறு வாரத்தில், வரப்போகிறார், பிள்ளைகள் மீன் தின்பதைப் படம் பிடிக்கப்போகிறார்கள் என்றார்கள். சின்னத் துரை தொட்டியை எட்டிப் பார்த்தார். மீன் ஏன் இவ்வளவு சிறிது என்று கேட்டார். இந்தக் குளிருக்கு ஜப்பான் மீன் மெதுவாகத்தான் வளரும் என்று சொன்னேன். சாக்குச் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டார்.

தேயிலையில் எதையும் நிறுத்துத்தான் பார்ப்பார்கள். கொழுந்தை நிறுப்பார்கள், விறகை நிறுப்பார்கள், முடிந்தால் ஆளையும் நிறுப்பார்கள். ஆகவே அவர் புழுவையும் நிறுக்கச் சொன்னார். இலேசு வேலையில் இருந்த நாலு பெண்களைப் புழுவுக்குப் போட்டார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ. குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் வேலை செய்ததாகத்தான் பதிவார்கள். நாற்பது மீனுக்கு நாலு கிலோ புழு. அத்தனை மீனையும் பிடித்துத் தராசில் போட்டாலும் நாலு கிலோ தேறாது என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் பெண்களுக்கு மேலே இருந்து வேலை வாங்குபவர், இருபது வருடமாகக் கொழுந்து நிறுத்தவர். தலையைச் சொறிந்துவிட்டு, மேலே சொல்லியிருக்காங்க என்றார்.

மறுநாளே கொழுந்துத் தராசு பிள்ளைக்காம்பராவின் பின்வாசலில் தொங்கியது.

இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் மழைத் தண்ணீருக்கும் என்று இத்தனை கிலோ கழித்துவிட்டுத்தான் எழுதுவது எங்கள் தோட்டங்களின் நெடுநாள் வழக்கம். வெயில் காய்ந்த நாளிலும் கழிப்பார்கள், அது வேறு விசயம். கணக்கப்பிள்ளை அந்தக் கையாலேயே புழுவையும் நிறுத்தார். முதல் கூடை பாக்கியத்துடையது. ஒரு கிலோ காட்டியது. முக்கால் என்று எழுதினார்.

"புழுவுல என்னங்க ஐயா தண்ணி?" என்று பாக்கியம் கேட்டாள்.

"மழ பேஞ்சா எல்லாத்துலயும் தண்ணிதான்" என்றார் அவர், புத்தகத்தை விட்டுத் தலையை நிமிர்த்தாமல்.

அதன்பிறகு பெண்கள் சும்மா இருப்பார்களா? கொழுந்தில் முற்றல் இலையை அடியில் போட்டு மேலே தளிரைப் பரப்பத் தெரிந்தவர்கள். அடியில் ஈரச் சேறு, மேலே ஒரு படை புழு. கணக்கப்பிள்ளைக்கு அது தெரியும். அதனால் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கழித்தார். அவர் கழிப்பது இவர்களுக்குத் தெரியும். அதனால் இன்னும் கொஞ்சம் சேறு சேர்த்தார்கள். இந்தப் போட்டியில் யாருக்கும் நினைவு வராத ஒரே உயிர் மீன்தான். தொட்டிக்குள் போகிற சேற்றை அள்ளி அள்ளி என் வாளி எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது.

பத்து நாளில் என் ஆறு பெட்டியும் காலி. பெருக வேண்டிய புழுவையும் முட்டையையும் சேர்த்து அள்ளிவிட்டால் பெட்டியில் என்ன இருக்கும்? விதைக்கு வைத்ததைச் சமைத்துத் தின்ற மாதிரி ஆகிவிட்டது என்று சின்னத் துரையிடம் சொன்னேன். வேறு இடத்தில் எடுக்கச் சொல் என்றார். மாட்டுப்பட்டி எருக்குவியலை ஒரு கிழமையில் முடித்தார்கள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்குப் போனார்கள். அங்கே மழைத் தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் கான்களில் தடித்த மண்புழு கிடைக்கும். ஆனால் அது மழைக்காலம். தேயிலையில் கொப்புள நோய் விழுந்து, ஆறாம் நம்பர் மலையில் மூன்று நாளாகச் செம்பு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மருந்து இலையில் பட்டது கொஞ்சம், மழையோடு கானில் இறங்கியது மிச்சம்.

பாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது ஏழு மாசம். மூத்த பிள்ளை என்னிடம்தான் இருந்தான். இரண்டாவது பிள்ளை, ஒன்பதாம் நம்பர் மலையில் அவள் கூடையோடு சறுக்கி விழுந்ததில், வயிற்றிலேயே போய்விட்டது. இது மூன்றாவது. மருந்தையா எழுதிக் கொடுத்துத்தான் அவளுக்கு இலேசு வேலை கிடைத்திருந்தது. புழு நிறை சேராவிட்டால் இலேசு வேலையும் இல்லை, திரும்ப மலைதான் என்று சின்னத் துரை காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

பெரிய மனுசர் வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. காலையில் பாக்கியம் கூடையைக் கொண்டுவந்து தராசில் மாட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். விரல் தடிப்பில் மண்புழு. ஒன்றும் நெளியவில்லை. நீட்டிக்கொண்டு கிடந்தன, சிலதின் நுனி வீங்கியிருந்தது. கூடைப் பின்னலில் நீலம் பாரித்த சேறு. எங்கே எடுத்தாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆறாம் நம்பர் கான்ல அக்கா. வேற எங்க இருக்கு?"

அதற்குள் கணக்கப்பிள்ளை எழுதி முடித்துவிட்டார். "எழுதியாச்சு ரோசம்மா, போடு" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன், ஏனென்றால் இதைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதினேன். அவர் போன பிறகு அந்தக் கூடையைக் குப்பைக் குழியில் கொட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கொட்டவில்லை. பாக்கியத்துக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயந்தேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கை வலித்தது. அறுபது வாளி தூக்கித் தூக்கி அலுத்துவிட்டது. நிறுத்து, கழித்து, புத்தகத்தில் எழுதிய பொருள் என் பொறுப்பில்லை என்று மனம் சொன்னது. கெட்டது என்று கண் பார்த்துவிட்டது, ஆனாலும் எழுதியாகிவிட்டது என்பதற்காகக் கூடையை அப்படியே கவிழ்த்தேன். சேற்றோடு.

மத்தியானம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஓடிப்போய் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரை மறித்து வாழைப்பட்டையில் தொட்டிக்குத் திருப்பினேன். அடியில் கிடந்த சேற்றைக் கையால் வழித்து வெளியே எறிந்தேன். கங்குன் பீப்பாய்களுக்குத் தண்ணீர் ஏற்றுவதை நிறுத்தினேன், கீரையாவது மிஞ்சட்டும் என்று. மறுநாள் காலை இருபத்தெட்டு மீன் மிதந்தது. பன்னிரண்டு மூலையில் ஒதுங்கி உயிரோடு நின்றது.

சின்னத் துரை வந்து பார்த்தார். முகம் வெளிறிப்போனது, பிறகு கணக்குப் போட்டுத் தெளிந்துவிட்டது. செத்ததைக் கழுவி மஞ்சள் போட்டு வை, நாளைக் காலையில் பொரி, அவர்கள் வரும்போது பிள்ளைகளுக்குத் தட்டில் வை என்றார். மருந்துத் தண்ணீரில் செத்த மீன் என்று சொன்னேன். பொரித்தால் எல்லாம் போய்விடும் என்றார். பொரித்தால் என்ன போகும், என்ன போகாது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குப் பயமே அதுதான். அவருக்கு அது தைரியமாக இருந்தது. சொன்னபடி செய்யாவிட்டால் நாளை மறுநாள் நான் பிள்ளைக்காம்பராவில் இருக்க மாட்டேன் என்றும், இந்தப் புழுவைக் கொண்டுவந்தவள் யார் என்று விசாரிக்கப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய துரையிடம் சொல்லலாம் என்றால், அவர் விருந்தாளியைக் கூட்டிவரக் கொழும்புக்குப் போயிருந்தார். கணக்கப்பிள்ளையிடம் போனேன். தனக்கும் நாலு பிள்ளை இருக்கிறது என்றார். எனக்கு முப்பது இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். தாய்மாரிடம் சொல்லிப் பிள்ளைகளை அன்றைக்கு அனுப்பாமல் வைக்கலாமா என்று யோசித்தேன். பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டில் நின்றால் அவர்களுக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. அனுப்பத்தான் செய்வார்கள். மீனைப் புதைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஓடி எங்கே போவது, லயத்து வீடும் தோட்டத்துடையது.

மறுநாள் பொரித்தேன். வாசனை உள்ளே போனதும் பிள்ளைகள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். பாக்கியத்தின் மூத்தவன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றான். பொரித்த கையாலேயே அவன் கையை விலக்கிவிட்டேன். என் வாழ்க்கையில் பிள்ளை ஒன்று தீனி கேட்டு நான் தள்ளிவிட்டது அந்த ஒரு தடவைதான்.

வாகனம் வந்தது. பெரிய துரை, விருந்தாளி, படம் பிடிக்கிறவர், சின்னத் துரை. பாக்கியமும் மற்ற மூன்று பெண்களும் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிக்குத் தமிழ் தெரியாது. பெரிய துரைக்குத் தெரியும். பிள்ளைகளைப் பாயில் வரிசையாக உட்கார வைத்து முன்னால் வெறும் தட்டு வைத்திருந்தேன். மீன் மேசைமேல் தாம்பாளத்தில் இருந்தது. விருந்தாளி கங்குனைப் பார்த்து மகிழ்ந்தார், பீப்பாய்களைத் தட்டிப் பார்த்தார், பிறகு எல்லோரும் மீனுக்காகக் காத்திருந்தார்கள்.

நான் ஒரு தட்டை எடுத்தேன். இருப்பதில் பெரிய துண்டாகப் பார்த்து ஒன்று வைத்தேன். பிள்ளைகள் பக்கம் போகாமல் சின்னத் துரையிடம் கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டினேன்.

"இந்த மீன் இவ்ளோ சீக்கிரம் தட்டுக்கு வந்தது சின்ன தொரைங்களாலதான். வளத்தவங்க மொதல்ல தின்னாத்தான் பிள்ளைகளுக்கு வெக்கிறது எங்க வழக்கம்ங்க" என்றேன்.

அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் கிடையாது. எங்கள் ஏழு தலைமுறையிலும் கிடையாது. அந்த நிமிசத்தில் வாய்க்கு வந்தது. ஆனால் தோட்டத்துச் சனம் வழக்கம் என்று எதைச் சொன்னாலும் துரைமார் மறுக்க மாட்டார்கள். விருந்தாளிக்கு யாரோ சொல்லிக் கொடுக்க, அவர் சிரித்தபடி தலையாட்டினார். படம் பிடிக்கிறவர் கருவியைச் சின்னத் துரையின் முகத்துக்குத் திருப்பினார். சின்னத் துரை தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை நீட்டவே இல்லை.

"எனக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல" என்றார்.

"அப்ப பிள்ளைகளுக்கும் வேணாங்க தொரை" என்றேன்.

பெரிய துரை சின்னத் துரையின் முகத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பின்வாசல் தொட்டிப் பக்கம் பார்த்தார். மனுசருக்கு எங்கோ உறைத்திருக்க வேண்டும். மேசைத் துணியை எடுத்துத் தாம்பாளத்தை அவரே மூடினார். விருந்தாளிகளின் தேநீருக்கு வைத்திருந்த பிஸ்கட்டைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். விருந்தாளி அதையும் எங்கள் வழக்கத்தில் ஒன்று என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, கைகூப்பிவிட்டு வண்டியில் ஏறினார். பொரித்த மீன் முழுவதையும் நானே குழி தோண்டிப் புதைத்தேன், நாய்கூடக் கிளறாதபடி ஆழமாக.

மறுநாள் பெரிய துரை காரியாலயத்துக்குக் கூப்பிட்டார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நிறுவை, கழிவு, சேறு, மருந்து, பொரிக்கச் சொன்னது எல்லாம். பாக்கியத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை. இவ்வளவும் தெரிந்து ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னேன், கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன், சின்னத் துரையிடம் சொன்னேன் என்றேன். அவர் விடவில்லை. தொட்டியில் புழுவைப் போட்டது யார் என்று கேட்டார்.

"நாந்தாங்க."

"கெட்டதுன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சேதாங்க."

அவர் கோபப்படவில்லை. பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில் இப்படி ஒரு ஆளை வைக்க முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். என் கண்ணில் கொஞ்சம் அநியாயமான நியாயம், ஆனால் நியாயம். என்னைக் கொழுந்து எடுக்க ஒன்பதாம் நம்பர் மலைக்கு அனுப்பினார். தராசைக் கழற்றிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே கொண்டுபோகச் சொன்னார். சின்னத் துரையை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அங்கே கோழிப்பண்ணை ஒன்றைப் பார்த்துக்கொண்டாராம். முட்டையில் எதைக் கழித்தார் என்று எனக்குத் தெரியாது.

என் இடத்துக்கு வந்த பிள்ளைக்கு வேலை தெரியவில்லை. பாக்கியத்தை உதவிக்குப் போட்டார்கள். பின்னேரங்களில் அவள் என் வீட்டுக்கு வந்து கேட்டுக்கொண்டு போவாள். பெட்டியில் புதிதாகச் சாணம் போட்டு, பெட்டிகள் காலியாகும் முன் நான் வீட்டுச் சட்டியில் ஒதுக்கி வைத்திருந்த இரண்டு கைப்பிடி புழுவை விட்டு, மூன்று மாதம் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அதுவரை மீனுக்குத் தவிடு போட்டார்கள். மிஞ்சிய பன்னிரண்டும் தேறி, குஞ்சு பொரித்துத் தொட்டி நிறைந்தது. பாக்கியத்துக்கும் பெண்பிள்ளை பிறந்தது, முழு மாதம், நல்ல எடை.

நான் மலைக்குப் போய்ப் பத்து மாதம் இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாக்கியம் சறுக்குப் பாதையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஏறி வந்தாள். அங்கே சறுக்கி விழுந்த பிறகு அவள் அந்த மலையில் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. மடியிலிருந்து ஒரு தகரப் பேணியை எடுத்துத் தந்தாள். திறந்தால் ஒரு துண்டு பொரித்த மீன். பிள்ளைகளுக்கு இன்றைக்குத்தான் முதன்முதலாக மீன் வைத்தோம், ஒருத்தரும் மிச்சம் வைக்கவில்லை, உங்களுக்கு ஒன்று ஒதுக்கினேன் என்றாள்.

நான் அதை முகர்ந்து பார்த்தேன். வாலைப் புரட்டிப் பார்த்தேன். எந்தப் புழு போட்டாய், எந்தச் சாணம், தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அடுக்கிக் கேட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியில் என்னைப் பார்த்துக் கொஞ்சம் சலிப்போடு சொன்னாள்.

"நேத்தே நான் தின்னு பாத்துட்டேன் அக்கா. தின்னுட்டுப் பிள்ளைக்குப் பாலும் குடுத்தேன். விடிஞ்சு பாத்தா ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். அதுக்கப்புறந்தான் மத்த பிள்ளைகளுக்கு வெச்சேன்."

உனக்கு என்ன பைத்தியமா, கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு யாராவது இப்படிச் சோதிப்பார்களா என்று மலை கேட்கும்படி ஏசினேன். அவள் பேணியின் மூடியைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வளத்தவங்க மொதல்ல தின்னாத்தான் பிள்ளைகளுக்கு வெக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.